நோர்பரி நீதவானும் மூன்றாவது குழுவும்

லண்டன் நோர்பரியில் யோகலிங்கத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். நீதவானைத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான். ஊரில் தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த மனிதர் அவர். எந்த நீதிமன்றத்தின் படியிலும் ஏறியவர் அல்லர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நடந்த ஒரு பண்ணிசைப் போட்டிதான் அவருக்கு அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது.

அது தொண்ணூறாம் ஆண்டு. மகள் சிவமலருக்குப் பத்து வயது. பிள்ளை தேவாரத்தைச் சுருதி விலகாமல் பாடினாள்; இரண்டாம் பரிசு கிடைத்தது. முதற்பரிசு வாங்கிய பிள்ளையோ நடுவில் இரண்டு வரியை மறந்து, முகட்டைப் பார்த்து, நிலத்தைப் பார்த்து, கடைசியில் தாய் வாயசைத்துக் காட்டித்தான் பாட்டை முடித்தது. நடுவராக இருந்த அம்மாள் அந்தப் பிள்ளையின் சின்னம்மா. இது மண்டபம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் நம்முடைய சனம் என்ன செய்யும்? கை தட்டும், வடையைத் தின்னும், வீட்டுக்குப் போன பிறகுதான் வாயைத் திறக்கும். யோகலிங்கம் வடை வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. எழும்பி நின்றார்.

“தனக்குத் தனக்கெண்டால் சுளகு படக்குப் படக்கெண்ணுமாம். உங்கட நீதியும் அப்பிடித்தான் கிடக்கு. பெறாமகளுக்குப் பரிசு குடுக்கிறதெண்டால் வீட்டில வைச்சுக் குடுங்கோவன். எங்கட பிள்ளையளை ஏன் வெளிக்கிடுத்திக் கொண்டுவரச் சொன்னனீங்கள்?”

வகுப்பை நடத்திய சபாரத்தினம் மாஸ்டர் ஓடி வந்தார். “யோகலிங்கம், இரும் ஐசே. பிள்ளையளுக்கு முன்னால என்ன கதை?”

“பிள்ளையளுக்கு முன்னாலதான் மாஸ்டர் கதைக்கவேணும். அநியாயமும் அவைக்கு முன்னாலதானே நடந்தது!”

“ஓமோம், பெரிய நீதவான் வந்திட்டார்,” என்றார் மாஸ்டர் எரிச்சலோடு. மண்டபம் சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். இந்த மனிதருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதற்குப் பிறகு எங்கே யார் யாருக்குச் சாய்ந்தாலும் முதலில் எழும்புவது அவர்தான். கோயில் அன்னதானத்தில் தெரிந்தவனுக்கு இரண்டு கரண்டி பாயசம் போனால்கூடக் கேட்பார். “இஞ்சாருங்கோ, உங்களாலை எங்களை ஒரு வீட்டுக்கும் கூப்பிடுகினம் இல்லை,” என்று மனைவி பாலாம்பிகை அழாக்குறையாகச் சொல்லுவாள். “கூப்பிடாட்டில் விடட்டும். நான் ஒருத்தனுக்கும் பக்கம் சாயிற ஆள் இல்லை,” என்பார். அவர் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் என்றால் அது ஒன்றுதான்.

கிழமை நாட்களில் ஒரு சூப்பர் மார்க்கெட் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பக்கத்துத் தேவாலயத்தின் மண்டபத்துக்குக் காவலாளி. கதவுத் திறப்பு அவரிடம். கதிரை போடுவது, ஹீட்டரைப் போடுவது, ஆறரை மணிக்கு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நிலத்தைத் துடைப்பது எல்லாம் அவர் பாடு. பிறந்தநாள், யோகாசன வகுப்பு, கராத்தே, எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய கண். இனி என்னத்தைப் பார்த்து அதிர்ச்சியடையப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தார்.

தொண்ணூற்றொன்று நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதிவுப் புத்தகத்தில் ‘தென்னாபிரிக்கப் பாட்டு, இரண்டு தொடக்கம் ஆறரை’ என்று இருந்தது. மேளங்கள் வரும், பெரிய பெரிய மேளங்களாக வரும் என்று எண்ணி யோகலிங்கம் பக்கத்து இரட்டைக் கதவையும் திறந்துவிட்டார். வந்தவர்கள் கையில் ஒரு மேளம் இல்லை, ஒரு தாளம் இல்லை. ஸ்திரிக்கை போட்ட சட்டைகளை ஹாங்கரில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்துவிடக்கூடாதென்று பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டு முப்பது ஆண்கள் வந்தார்கள். உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பின்னால் அவர்களுடைய சனங்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, ஒரு நூறு பேர் வந்து கதிரைகளில் அமர்ந்தார்கள்.

மூன்று மணியாகியும் ஒன்றும் தொடங்கவில்லை. நரைத்த தாடியோடு ஒரு பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவர் பெயர் கூமலோ, அன்றைய போட்டியை நடத்துகிறவர். நாலாம் தரம் உள்ளே வந்தபோது அவர் கண் யோகலிங்கத்தின் மேல் விழுந்தது. நிலம் கூட்டும் தும்புத்தடியோடு நின்ற மனிதரை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்கள் மொழி உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றார் யோகலிங்கம் தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில்.

“இங்கே பாட வந்திருக்கும் எவரையாவது தெரியுமா?”

“தெரியாது.”

“சங்கீதம்?”

“மகள் பாடுவாள். எனக்குத் தெரியாது.”

“அருமை!” என்று கூமலோ அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்கள்தான் நடுவர்.”

யோகலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தார். பகிடி இல்லை. கூமலோ பொறுமையாக விளக்கினார். அவர்களுடைய ஊரில் இந்தப் பாட்டுப் போட்டிக்கு நடுவரைத் தெருவில்தான் பிடிப்பார்களாம். ஒருவரையும் தெரியாத, மொழியும் விளங்காத வழிப்போக்கனாக இருக்கவேண்டுமாம். தெரிந்தவனைப் போட்டால் அவன் தன் ஊரானுக்குச் சாய்வான். அந்நியனுக்குச் சாய ஆள் இல்லை. இன்றைக்கோ மழை, ஞாயிற்றுக்கிழமை, லண்டன் ரோட்டில் ஒரு குருவி இல்லை. பஸ் தரிப்பில் நின்ற ஒரே ஒரு மனிதரைக் கேட்டாராம். அந்த மனிதர் எந்த பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாராம்.

கேட்டுக்கொண்டிருந்த யோகலிங்கத்தின் வாய் பிளந்துவிட்டது. அட கோதாரி! ஒரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியதும் இதைத்தானே? அதை இந்தச் சனம் ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறது. சபாரத்தினம் மாஸ்டரைக் காதில் பிடித்து இழுத்துவந்து இந்தக் கதையைக் கேட்க வைக்கவேண்டும் போல் இருந்தது.

“கவனமாகத் தீர்ப்புச் சொல்லுங்கள், சகோதரா,” என்றார் கூமலோ. “வெல்கிற குழு மார்கழியில் டர்பனுக்குப் போகிறது. டிக்கெட் முழுவதையும் எங்கள் சங்கம் எடுக்கிறது. இவர்களில் சிலர் ஊரை விட்டு வந்து பதினைந்து வருஷமாகிறது. இப்போதுதான் திரும்பிப் போக விடுகிறார்கள். போவதற்குத்தான் வழி இல்லை. இந்த வருஷம் ஒரு குழுவைத்தான் அனுப்ப முடியும்.”

தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, முன்வரிசையில் தனியாகப் போட்ட ஒரு மேசைக்கு முன்னால் யோகலிங்கம் உட்கார்ந்தார். ஒரு பேனா, ஒரு வெள்ளைத்தாள். முதுகுக்குப் பின்னால் நூறு பேர். உள்ளுக்குள் ஒரு பெருமை. அதை மறைக்க முடியாது. கடைசியில் அவரை யாரோ சரியான கதிரையில் இருத்தியிருக்கிறார்கள்.

முதலாவது குழு பச்சைக் கோட்டோடு வந்தது. பத்துப் பேர் அரைவட்டமாக நின்றார்கள், ஒருவன் முன்னால். சுருதிப்பெட்டி இல்லை, ஒரு குழல்கூட ஊதவில்லை. முன்னால் நின்றவன் வாயைத் திறந்தான். பின்னால் ஒன்பது பேர் ஒரே மூச்சில் பதில் சொன்னார்கள். யோகலிங்கம் திடுக்கிட்டுக் கதிரையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் அவர்களின் வாயிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. அவர் மத்தியானம் துடைத்த அந்தப் பலகை நிலத்துக்குள்ளிருந்து வந்தது. மனிதத் தொண்டைக்கு இவ்வளவு ஆழம் இருக்குமா? தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பதைக் கேட்டிருக்கிறார். அதற்கும் காற்று அடிக்க ஒரு இயந்திரம் வேண்டும். இவர்களுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கடைசிப் பாட்டில் மட்டும் முன்னால் நின்றவனின் குரல் மேலே போன இடத்தில் உடைந்தது. தாளில் ‘1’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கீறு போட்டார்.

இரண்டாவது குழு கறுப்புக் கோட். இவர்கள் வேறு ரகம். இரண்டு பாட்டுப் பாடிவிட்டுக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்கள். பிறகு தொடங்கியது ஆட்டம். ஒருவன் பின்னால் ஒருவனாக முன்னுக்கு வந்து, காலைத் தலைக்கு மேலே தூக்கி நிலத்தில் அடித்தான். மேடைப்பலகை அதிர்ந்தது, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சனம் எழும்பி விசிலடித்தது. உயரமான ஒருவன் காலைத் தூக்கினான், தூக்கினான், நெற்றியில் முழங்கால் முட்டும்வரை தூக்கினான். அடித்த அடியோடு அப்படியே மல்லாக்க விழுந்து அசையாமல் கிடந்தான்.

“ஐயோ கடவுளே!” என்று யோகலிங்கம் மேசையைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் பாய்ந்தார். ஊரில் ஒரு மனிதன் அப்படி விழுந்தால் மறுபடி எழும்புவதில்லை. முதலுதவிப் பெட்டி எங்கே, ஆம்புலன்சுக்கு யார் போன் எடுப்பது என்று அவர் பதறிக்கொண்டிருக்க, விழுந்து கிடந்தவன் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக் கண்ணடித்தான். துள்ளி எழும்பினான். மண்டபம் சிரிப்பில் கொல்லென்றது. விழுவதும் ஆட்டந்தானாம்! பேயறைந்தது போல் யோகலிங்கம் வந்து மறுபடி இருந்தார். ‘2’ என்று எழுதினார். ஆட்டம் அபாரம். பாட்டு? பாட்டு அவ்வளவு இல்லை. இரண்டு இடத்தில் குரல்கள் ஒன்றையொன்று தவறவிட்டன. சங்கீதம் தெரியாத காதுக்கே அது கேட்டது.

மூன்றாவது குழு வந்தபோது சனம் அடங்க நேரம் எடுத்தது. ஆனால் இவர்கள் அவசரப்படவில்லை. வெள்ளைக் கையுறை, சிவப்புக் காலுறை, முகம் பார்க்கலாம் போல மினுக்கிய சப்பாத்து. பத்துப் பேரும் நுனிக்காலில் வந்தார்கள். கால் நிலத்தில் படுகிறது, சத்தம் இல்லை. முழங்கால் மடிகிறது, பாதம் இறங்குகிறது, பலகைக்குக்கூடத் தெரியாமல் இறங்குகிறது. சற்று முன் இடிந்து விழப் பார்த்த அதே மேடை.

யோகலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். அந்த நடை அவருக்குத் தெரியும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, தோர்ன்டன் ஹீத்தில் ஒரு மேல்மாடி அறை. இரண்டு கட்டில், ஒரு யன்னல். லண்டனுக்கு வந்து இறங்கிய யோகலிங்கத்துக்குக் கிடைத்த முதல் இடம் அது. மற்றக் கட்டிலில் வூசி. டர்பன் பக்கத்து ஆள். பள்ளிக்கூடப் பையனாக ஊர்வலத்தில் போனவன், பொலிஸ் தேட, எல்லை தாண்டி வந்தவன். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரிக் குசினியில் கோப்பை கழுவினார்கள். வூசி பகல் ஷிப்ட், இவர் மாலை ஷிப்ட். குளிருக்கு இரண்டு பேருக்கும் இருந்தது ஒரேயொரு கோட். அது வூசியுடையது. வூசி வேலை முடிந்து குசினி வாசலில் கோட்டைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டு, வெறும் சட்டையோடு பஸ்சுக்கு ஓடுவான். ஒரு பனிக்காலம் முழுக்க அப்படித்தான் போனது. ஒரு நாளாவது அதைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை.

லீவு நாட்களில் வூசி பாடுவான். கீழே வீட்டுக்காரன் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பான். அதற்காகத்தான் இந்த நடை என்று வூசி சிரிப்பான். அவனுடைய தகப்பன் காலத்தில், சுரங்கத்துக்குக் கூலிக்குப் போன ஆண்கள் விடுதியில் ஆடுவார்களாம். காவற்காரன் காதில் விழக்கூடாதென்று நுனிக்காலில் ஆடப் பழகினார்களாம். “யோகா, நீ சும்மா கிடக்காதே, அடிக்குரலில் ‘ம்’ என்று பிடி,” என்பான். கட்டிலில் படுத்தபடியே இவர் ‘ம்’ பிடிப்பார். அந்த ‘ம்’ மேல் வூசி நடப்பான்.

இப்போது மேடையில், முன்னால் நின்று தலைவனாகப் பாடுகிறவன் வூசி. கன்னம் உள்ளே போயிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. ஆனால் வூசிதான். பாட்டும் அந்தப் பாட்டுத்தான். அவனே கட்டியது. ‘அம்மா, கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதே, வருகிறேன்’ என்கிற பாட்டு. அர்த்தத்தை அவனே ஒருநாள் சொல்லியிருக்கிறான். அவனுடைய தாய் உண்மையாகவே தாழ்ப்பாள் போடுவதில்லையாம். ஊரிலிருந்து யாரோ கடிதத்தில் எழுதியதாம்.

ஒருவரையும் தெரியாது என்று சொல்லியாயிற்று. மொழி விளங்காது என்றும் சொல்லியாயிற்று. இரண்டும் பொய்யாகிவிட்டது. வூசி அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தலைக்கு மேலால் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினான். கண்டுவிட்டான், கண்டும் காணாதது போல் நிற்கிறான் என்று அவருக்கு விளங்கியது. அவன் பாடிய பாட்டோ! பத்துப் பேரும் ஒரு தொண்டையாகப் பாடினார்கள். சத்தத்தைக் குறைத்தார்கள், இன்னும் குறைத்தார்கள், மழை ஓட்டில் விழுவது கேட்கும்வரை குறைத்தார்கள். அந்தச் சின்னச் சத்தத்திலும் ஒரு குரல் விலகவில்லை. பின்னால் ஒரு பெண் விம்மினாள். யோகலிங்கம் தன்னையறியாமல் வாயை மூடியபடி ‘ம்’ பிடித்துக்கொண்டிருந்தார். திடுக்கிட்டு நிறுத்தினார். தாளில் ‘3’ என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. முதலாவது இடம் மூன்றாவது குழுவுக்குத்தான்.

கைதட்டல் ஓய்ந்ததும் கூமலோ வந்து குனிந்தார். “தீர்ப்பு?”

யோகலிங்கம் எழும்பினார். “ஐயா, நான் பொய் சொல்லிவிட்டேன். தெரிந்து சொல்லவில்லை. அந்தக் குழுவின் தலைவனை எனக்குத் தெரியும். ஒரு வருஷம் ஒரே அறையில் இருந்தோம்.”

கூமலோவின் முகம் விழுந்துவிட்டது. மூன்று குழுத் தலைவர்களையும் கூப்பிட்டார். நாலு பேரும் மேடையோரத்தில் நின்று தங்கள் மொழியில் கதைத்தார்கள். குரல் உயர்ந்தது, கைகள் பறந்தன. நல்லது, இனிச் சண்டைதான் என்று யோகலிங்கம் நினைத்தார். நம்முடைய சங்கங்களில் இதற்குள் ஒரு கதிரை பறந்திருக்கும். மணி ஆறைத் தாண்டிவிட்டது. வேறொருவரைப் பிடிக்கத் தெருவில் ஆளில்லை; திரும்ப எல்லாரும் பாட மண்டபத்தில் நேரமில்லை.

கூமலோ திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தார். யோகலிங்கத்துக்கு அது இன்னொரு அதிர்ச்சி.

“பச்சைக் கோட்டுக்காரர் சொல்கிறார், தன் நண்பனைத் தன் வாயாலேயே காட்டிக் கொடுத்தவன் திருடமாட்டான் என்று. கறுப்புக் கோட்டுக்காரர் ‘சம்மதம்’ என்றார். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.”

“நண்பன்? அவன் என்ன சொன்னான்?”

“இவர் பொய் சொல்லாத மனிதர், இவர் என்ன சொன்னாலும் எனக்குச் சரி என்றான்.”

யோகலிங்கம் தாளைப் பார்த்தார். வட்டத்துக்குள் மூன்று. நிமிர்ந்து சனத்தைப் பார்த்தார். நூறு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கு அந்த முகங்கள் தெரியவில்லை. சபாரத்தினம் மாஸ்டரின் முகம் தெரிந்தது, அந்தச் சின்னம்மாவின் முகம் தெரிந்தது, வடைத்தட்டோடு நின்ற முழு நோர்பரியும் தெரிந்தது. ‘பாத்தீரோ ஐசே, நீதவானும் தன்ர ஆளுக்குத்தான் குடுத்தார்!’ தன்னுடைய குரலே தன் காதில் கேட்டது. சுளகு படக்குப் படக்கென்றது. ஒரு பனிக்காலம் முழுக்கப் போட்ட கோட்டின் பாரம் தோளில் இருந்தது. அவனுக்குக் கொடுத்தால் அது பாட்டுக்கா, கோட்டுக்கா? எவன் நம்புவான்? தானே நம்புவாரா?

“தீர்ப்பு, சகோதரா.”

“இரண்டு,” என்றார் யோகலிங்கம்.

சொல்லி முடிந்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. ‘இல்லை, இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கறுப்புக் கோட்டுக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். பெண்கள் குலவையிட்டுக்கொண்டு மேடைக்கு ஓடினார்கள். கறுப்புக் கோட்டுத் தலைவன் அவரைத் தாண்டிப் போகும்போது கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் முகத்தில் நன்றி இருந்தது, அதோடு ஒரு ஆச்சரியமும் இருந்தது. தங்கள் பாட்டு எங்கெங்கே பிசகியது என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்!

ஆறரைக்குச் சனம் கலைந்தது. யோகலிங்கம் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். மரத்துப்போன கை தன்பாட்டில் வேலை செய்தது. மற்றப் பக்கத்திலிருந்து யாரோ கதிரைகளை அடுக்கிக்கொண்டு வருவது கேட்டது. வூசி. வெள்ளைக் கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். ஆறு கதிரை, ஆறு கதிரையாக அடுக்கினான். இரண்டு பேரும் நடு வரிசையில் சந்தித்தார்கள்.

“பெண்சாதி, பிள்ளை வந்துவிட்டார்களா?” என்று கேட்டான்.

“வந்துவிட்டார்கள். எண்பத்தேழில்.” இரண்டே இரண்டு மைல் தூரத்தில் இருந்துகொண்டு நாலு வருஷமாக இவனைத் தேடிப் போகவில்லையே என்பது அப்போதுதான் அவரைச் சுட்டது. “உன்னுடைய அம்மா?”

“இருக்கிறார். கண் தெரியவில்லையாம். கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறதாம்.” வூசி ஒரு கதிரையைத் தூக்கியவன் அப்படியே நின்றான். “யோகா, நான் ஒன்று கேட்கிறேன். எனக்கு டிக்கெட் வேண்டாம், அது போய்விட்டது. இன்றைக்கு யார் நன்றாகப் பாடினார்கள்?”

பொய் சொல்லலாம். அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அவனுக்கும் ஆறுதல், இவருக்கும் தப்பிக்க ஒரு வழி. ஆனால் நீதவானுக்குப் பொய் வராதே! வரவேண்டிய இடத்தில் வராது, வரக்கூடாத இடத்தில் மட்டும் வந்துவிடும்.

“நீங்கள்,” என்றார். “நீங்கள்தான். எட்டாத தூரத்தில்.”

வூசி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் யோகலிங்கம் காலில் விழுந்திருப்பார். அவன் அவரை ஒரு புதிய ஆளைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தான்.

“எனக்கு நீ தயவு காட்டியிருக்கவேண்டாம்,” என்றான். “முன்பின் தெரியாதவனுக்குக் காட்டுகிற நியாயத்தைக் காட்டியிருக்கலாம்.”

கதிரையை மெதுவாக வைத்துவிட்டு, ஹாங்கரில் தொங்கிய சட்டையை எடுத்துக்கொண்டு போனான். வெறும் பலகையில் அவன் நடந்து போனது கேட்கவே இல்லை.

யோகலிங்கம் ஓடினார். மழையில், கோட்டும் இல்லாமல், தெருமுனையில் வான் வண்டியில் ஏறிக்கொண்டிருந்த கூமலோவின் கையைப் பிடித்தார். “ஐயா, நான் பிழை விட்டுவிட்டேன். மூன்றுதான். பாருங்கள், எழுதியிருக்கிறேன், வட்டம் போட்டிருக்கிறேன்.” நனைந்து மை கரைந்த தாளை நீட்டினார்.

கூமலோ தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கண்ணில் இரக்கம் இருந்தது. அதற்காக அவர் குரல் இளகவில்லை. “அந்நியன் சொல் ஒரு தரம்தான், சகோதரா. இரண்டாம் தரம் சொல்ல வருகிறவன் யாரோ ஒருவனுடைய ஆள்.” வான் கதவு மூடிக்கொண்டது.

வீட்டில் பாலாம்பிகை நனைந்து வந்த மனிதரைப் பார்த்துத் துவாயை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். சிவமலர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தாள். போட்டி, தெருவில் பிடித்த நடுவர், முகடதிரும் குரல், விழுந்து எழும்பிய ஆட்டக்காரன், எல்லாவற்றையும் தலையைத் துடைத்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். தாயும் மகளும் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டார்கள்.

“நீங்கள் நடுவரோ!” பாலாம்பிகைக்குப் பெருமை தாங்கவில்லை. “சபாரத்தினம் மாஸ்டருக்கு நாளைக்கே சொல்லவேணும். நல்லாப் பாடினவைக்குத்தானே குடுத்தனீங்கள்?”

“இல்லை.”

“என்ன இல்லை? ஏனப்பா?” என்றாள் சிவமலர்.

யோகலிங்கம் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

“எனக்கு அவனைத் தெரியும் பிள்ளை.”